சூப்பர்வைசர் தின்ற மாத்திரை

நாய் மாத்திரையைத் தின்றது அம்மாவின் தவறு என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அம்மாவுக்கும் இல்லை.

மாத்திரை அம்மாவுடையது. கடையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்தது. வைட்டமின் டி. வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பின். உள்ளே எண்ணெய் நிரம்பிய வழுவழுப்பான மாத்திரை. மறந்துவிடக் கூடாதென்று அம்மா அட்டையைத் தலைமாட்டில் வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் தலைமாட்டு மேஜை என்பது கவிழ்த்துப் போட்ட பால் கிரேட். நாயின் மூக்குக்கு எட்டும் உயரம்.

அப்பாவுக்குப் பால் வியாபாரம். முன்னால் கடை, பின்னால் வீடு. விடிவதற்கு முன் கம்பெனி வேன் வந்து பாக்கெட் பாலை கிரேட் கிரேட்டாக இறக்கிவிட்டுப் போகும். அப்பா எண்ணும்போது நாய் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். எண்ணி முடிக்கும் வரை நகராது. சூப்பர்வைசர் என்று அதற்குப் பெயர் வைத்தது வேன் டிரைவர்தான். "உங்களை ஏமாத்திடலாம்ணே. சூப்பர்வைசரை ஏமாத்த முடியாது" என்பார். பெயர் தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது. பால் வாங்க வருகிறவர்கள் அப்பாவை விசாரிக்காவிட்டாலும் அதை விசாரிப்பார்கள்.

இறக்கும்போது சில பாக்கெட்டுகள் ஒழுகும். ஒழுகுவதை விற்க முடியாது. அது வீட்டுக்கு. எங்கள் வீட்டில் எந்த உபாதைக்கும் முதல் மருந்து அதுதான். வயிற்றெரிச்சலுக்குப் பால், தூக்கம் வராததற்குப் பால், பரீட்சைப் பயத்துக்கும் பால். பக்கத்துப் பெயிண்ட் கம்பெனியில் தொழிலாளிகளுக்குத் தினமும் ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள். அந்தப் பாலைப் போடுவது அப்பா. "கம்பெனிக்காரன் என்ன கேனையனா? விஷத்தை முறிக்கும்னுதானே குடுக்கறான்" என்று அதையே ஆதாரமாகக் காட்டுவார். நான் விஞ்ஞானம் படித்தவள். அதற்கு எதிராக ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அப்பா பேசும்போது குறுக்கே பேச எனக்கு வராது. யார் பேசும்போதும் வராது.

நான் அப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கி, தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை மாலைதான் வீட்டுக்கு வருவேன். நாய் மாத்திரையைத் தின்றது ஒரு வியாழக்கிழமை. எனக்கு யாரும் சொல்லவில்லை. "அவகிட்ட சொன்னா புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு வந்து பயமுறுத்துவா" என்று அப்பா தடுத்துவிட்டாராம். இவையெல்லாம் அம்மா பிறகு சொன்னவை.

அறையைக் கூட்டப் போன அம்மா, கட்டிலுக்கடியில் கிழிந்த அட்டையைப் பார்த்தாள். ஒரே ஒரு மாத்திரைதான் மிச்சம். அதிலும் பல் பட்டிருந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றது. அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

அப்பா சிரித்தார். "சத்து மாத்திரைதானே? எலி மருந்தா என்ன? இனிமே சூப்பர்வைசருக்கு இரும்பு எலும்பு. உனக்குத்தான் நஷ்டம்."

"நாய்க்கு ஆகுமாங்க? ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா..."

"குதிச்சிக்கிட்டு நிக்குது பாரு. என்னன்னு கேப்பே? எங்க நாய்க்குச் சத்து கூடிப்போச்சுன்னா? போனை வெச்சிட்டுச் சிரிப்பாங்க."

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்து அப்பாவுக்கு லேசாகப் பயம் தட்டியிருக்க வேண்டும். ஒழுகும் பாக்கெட்டுக்காகக் காத்திருக்காமல், நல்ல பாக்கெட் ஒன்றையே கத்தரித்துக் கிண்ணத்தில் ஊற்றினார். நாய் ஒரே மூச்சில் குடித்தது. இன்னொன்றையும் ஊற்றினார்.

"முறிஞ்சுடுச்சு, போ. போய் வேலையைப் பாரு" என்றார்.

வெள்ளிக்கிழமை நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கிரேட்டுகளை எண்ணியது. ஆனால் வைத்த சோற்றில் பாதியை விட்டுவிட்டது. அதற்குப் பதில் நாள் முழுக்கக் கிண்ணத்தையே சுற்றி வந்தது. அப்பா ஊற்ற ஊற்றக் குடித்தது. "பாத்தியா, உள்ள போனதையெல்லாம் கழுவி விடுது" என்றார். சாயங்காலம் கடைக்குள்ளேயே மூத்திரம் பெய்துவிட்டது. குட்டியாக இருந்தபோதுகூட அது அப்படிச் செய்ததில்லை. நேரத்துக்கு வெளியே விடவில்லை என்று அப்பா அம்மாவைத் திட்டினார்.

சனிக்கிழமை நான் வந்து கடைப்படி ஏறியபோது நாய் எழுந்து வரவில்லை. குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஒருமுறை தரையில் தட்டியது. அதன் முன்னால் கிண்ணத்தில் பால் தொடாமல் இருந்தது. பக்கத்தில் வாந்தி. மூக்கு காய்ந்து வெடித்திருந்தது.

"என்னம்மா ஆச்சு இதுக்கு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள். நான் மாத்திரையின் பெயரைக் கேட்டேன். புதிய அட்டை ஒன்று இருந்தது, எடுத்துக் காட்டினாள். அதன் பின்பக்கத்தில் இருந்த அளவைப் படித்தேன். ஒரு மாத்திரையிலேயே ஒரு மனுஷிக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியது இருந்தது.

"கிளம்புங்க" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

பெயிண்ட் கம்பெனிக்குப் பால் போட அப்பா வைத்திருந்த சின்ன வேனில்தான் கொண்டுபோனோம். பின்னால் சாக்கு விரித்து நாயைப் படுக்க வைத்து, அம்மா அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அப்பா ஓட்டினார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "எங்க வைக்கறதுன்னு ஒரு அறிவு வேண்டாம்? அலமாரி இல்லையா, பெட்டி இல்லையா? நாய் இருக்கற வீட்டுல தரையிலயா வைப்பாங்க?" அம்மா முந்தானையால் நாயின் வாயைத் துடைத்துவிட்டாள்.

மிருக ஆஸ்பத்திரி டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மேஜைமேல் நாயைக் கிடத்தியதும் ஈறுகளை விரலால் அழுத்திப் பார்த்தார். வயிற்றை அமுக்கியபோது நாய் முனகியது. அப்பா வேனை நகர்த்தச் சொன்னார்கள் என்று வெளியே போயிருந்தார்.

அம்மா பையிலிருந்து புதிய அட்டையை எடுத்து நீட்டினாள். "இதுதான் டாக்டர். ஒண்ணு மட்டும் மிச்சம் வெச்சிருந்துச்சு."

"அட்டையைக் கொண்டு வந்தது நல்லது. என்னைக்குச் சாப்பிட்டுச்சு?"

"வியாழக்கிழமை."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "அன்னைக்கே கொண்டு வந்திருந்தா வாந்தி எடுக்க வெச்சு, கரி மருந்து குடுத்து, முக்கால்வாசியை வெளிய எடுத்திருக்கலாம். முதல் நாள் ஒண்ணுமே தெரியாது இதுல. அதுதான் இதோட கெட்ட குணம்."

"நல்லா ஓடிச்சு டாக்டர். வாலாட்டிச்சு."

"ஆட்டும்மா. எல்லா நாயும் ஆட்டும்."

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரை நாயின் காலில் ஊசி ஏற்றி உப்புநீர் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். அம்மா நாயின் காதை நீவிக்கொண்டு, அதனிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் காகிதத்தோடு திரும்பி வந்து என்னைத் தள்ளி நிற்க அழைத்தார்.

"கால்சியம் ரொம்ப ஏறியிருக்கு. கிட்னியிலயும் படிய ஆரம்பிச்சிருக்கு. வீட்டுல வேற ஏதாவது குடுத்தீங்களா? உப்புத் தண்ணி, எண்ணெய், அந்த மாதிரி?"

"பால்" என்றேன்.

"எவ்வளவு?"

"கேக்கும்போதெல்லாம்."

அவர் காகிதத்தை மடித்தார். எனக்கு அவர் விளக்க வேண்டியதில்லை. தண்ணீரில் கால்சியம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை. குடுவையில் சிவப்பு நீலமாக மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு, நாள் முழுக்க அதைத்தான் அளக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னார். "அந்த மாத்திரை செய்யற வேலையே வயித்துல இருக்கற கால்சியத்தை ரத்தத்துக்கு ஏத்தறதுதான். அது ஏத்திக்கிட்டே இருக்கு. நீங்க கீழ இருந்து ஊத்திக்கிட்டே இருந்திருக்கீங்க."

"பால் குடுக்காம இருந்திருந்தா?"

"சொல்ல முடியாது. மாத்திரை மட்டுமே கொல்ற அளவுதான். ஆனா ரெண்டு நாள் கிடைச்சிருக்கும். அந்த ரெண்டு நாள் இந்த நோய்ல பெரிய விஷயம்." பிறகு கேட்டார். "யார் குடுத்தாங்க?"

அப்பா உள்ளே வந்தார். கையில் ஒரு பாக்கெட் பால். வேனில் மிச்சமிருந்ததாக இருக்கும். குளிரில் பாக்கெட்டின் மேல் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"டாக்டரம்மா, காலையிலேர்ந்து ஒண்ணும் உள்ள போகலை. கொஞ்சம் பால் ஊத்தட்டுமா? அதுன்னா உயிரை விடும் இது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வேண்டாங்க" என்றார் அவர். "இப்போதைக்கு வாய்வழியா எதுவும் வேண்டாம்."

அப்பா பாக்கெட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். போகும்போது எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் செத்துப்போயிற்று. அதற்கு முன் அதன் உடம்பு சிறுநீரைப் பிரிப்பதை நிறுத்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா ஆஸ்பத்திரியில் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "எழுந்திருங்க சார், லோடு வந்துடுச்சு" என்று அதன் காதில் சொல்லிப் பார்த்தார். நான் வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். கடைக்குப் பின்னால் காலி இடத்தில் அப்பாவே குழி தோண்டினார். அம்மா ஒரு கையால் மண் தள்ள வந்தபோது, "நீ செஞ்சது போதும், தள்ளிப் போ" என்றார்.

அன்றிலிருந்து அப்பாவின் குத்தல் பேச்சு ஆரம்பித்தது.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வரும்போதெல்லாம் அது என் காதில் விழுந்தது. பால் வாங்க வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் "எங்க சூப்பர்வைசரைக் காணோம்?" என்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். "வீட்டுக்காரம்மா சத்து மாத்திரை குடுத்து ரிட்டயர் பண்ணிட்டாங்க." அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா பாக்கெட்டைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

சாப்பாட்டில் உப்பு கூடினால், "இதுலயும் ஏதாவது சத்து கலந்திருக்கியா?" அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிரேட்டை வைத்தால், "ஏன், மாத்திரை போட வேண்டியதுதானே? ஓ, அதைத்தான் வேற ஆளுக்குக் குடுத்தாச்சே." சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகப் பேசுகிற தொனியில், இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொல்வார்.

அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். புதிய அட்டை அலமாரியின் மேல்தட்டில், பாத்திரங்களுக்குப் பின்னால், திறக்காமலேயே இருந்தது. ஒரு சனிக்கிழமை அவள் வலது கையால் கிரேட்டைத் தூக்கிப் பாதியில் கீழே போட்டுவிட்டாள். பாக்கெட்டுகள் உடைந்து பால் வாசல் வரை ஓடியது. அப்பா ஈரத்தைத் தாண்டி வந்து நின்றார்.

"நாயைக் கொன்னாச்சு. இப்ப கடையையும் கொன்னுடு" என்றார்.

அம்மா துணியை எடுத்துக் குனிந்தாள். துடைக்கும்போது அந்தக் கை மடங்கவில்லை. முழங்கையை ஊன்றித் துடைத்தாள்.

எல்லாம் துடைத்து முடித்த பிறகு அப்பா பின்வாசலில் காலி கிரேட்டுகளைக் கழுவப் போனார். நானும் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, தேய்த்த கிரேட்டுகளை வாங்கி அலசிக் கவிழ்த்தேன். எதை முதலில் சொல்வது என்று விடுதியிலிருந்து வரும் பேருந்தில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அப்பா, அம்மாவை அப்படிச் சொல்லாதீங்க."

"எப்படிச் சொன்னேன்?"

"நாயைக் கொன்னாச்சுன்னு."

"பின்ன யாரு, நானா?" பிரஷை விடாமல் தேய்த்தார்.

அந்த நேரத்தில் நான் "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவர் பிரஷை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா?"

"பால் குடுத்திருக்கக் கூடாதுப்பா."

"எதுக்கு?"

சொன்னேன். மாத்திரை என்ன செய்யும், பாலில் என்ன இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் என்ன ஏறும், அது கிட்னியில் எப்படிப் படியும். ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்வதுபோல் ஒழுங்காகச் சொன்னேன். ஒழுங்காகச் சொல்வது சுலபமாக இருந்தது.

"பெயிண்ட் கம்பெனியில குடுக்கறாங்களே" என்றார்.

"அது வேறப்பா. அதுவும் ஒண்ணும் முறிக்காது. ஆனா அது வேற."

"மாத்திரை தின்னதாலதானே செத்துச்சு?"

"ஆமாப்பா. மாத்திரையாலதான். பால் இல்லாட்டியும் பிழைச்சிருக்குமான்னு தெரியாது. டாக்டரும் அப்படித்தான் சொன்னாங்க."

"அப்புறம் என்ன?" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என் தோளைத் தட்டப் போகிறவர்போல் ஈரக் கையைத் தூக்கினார். "நீ ஏன் என்னைப் பயமுறுத்தறே? நானா போய் ஊத்தினேன்? அதுதான் கேட்டுச்சு. மூக்கால கிண்ணத்தைத் தள்ளித் தள்ளி என் காலடியில கொண்டு வந்து வெச்சு, மூஞ்சியைப் பாத்துக் கேட்டுச்சு. வாயில்லா ஜீவன் கேக்கும்போது எப்படிம்மா இல்லைங்கறது?"

அத்தோடு விட்டிருக்கலாம்.

"அது பால் கேக்கலைப்பா" என்றேன். "கால்சியம் ஏறினா தாகம் எடுக்கும். அடங்கவே அடங்காது. அது தண்ணி கேட்டுச்சு."

அப்பா தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குழாயை மூடினார். கழுவாத கிரேட் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். நாயைப் புதைத்த காலி இடத்தின் பக்கம்கூட அவர் பார்க்கவில்லை. தன் கால்களுக்கு நடுவில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ அங்கே எதையோ தள்ளி வைத்ததுபோல்.

அன்று சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து சாப்பிட்டார். உப்பு கூடியிருந்தது. எதுவும் சொல்லவில்லை. தட்டைத் தானே எடுத்துப் போய்க் கழுவினார்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"என்னடி சொன்னே அவர்கிட்ட?"

"உண்மையைச் சொன்னேன். பாலைப் பத்தி. எத்தனை நாளைக்கும்மா நீயே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருப்பே? உனக்குத் தெரியாது, அன்னைக்கு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு..."

"தெரியும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"நாலடி தள்ளி நின்னு பேசினீங்க. எனக்கு மணிக்கட்டுதான் உடைஞ்சிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக இன்னும் தாழ்த்தினாள். "மாத்திரையை அங்க வெச்சது நான். அது நிஜம். அதோட சேத்து இதையும் என் கணக்குல எழுதிட்டுப் போகட்டும்னுதான் விட்டேன். ஒரு ஆள் சுமந்தாப் போதாதா? உன்னை யாருடி பிரிச்சுக் குடுக்கச் சொன்னது?"

"அவர் உன்னைப் பேசறதைக் கேக்க முடியலைம்மா."

"பேசினாரே" என்றாள் அம்மா. "பேசிக்கிட்டாவது இருந்தாரே."

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேன் வந்தது. அப்பா கிரேட்டுகளை எண்ணாமல் கையெழுத்துப் போட்டார். டிரைவர், "என்னண்ணே, எண்ணலையா?" என்றார். "சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. கடைக்கு வந்த ஒரு பெண் சூப்பர்வைசரை விசாரித்தாள். அவள் புதிதாக வெளியூரிலிருந்து திரும்பியவள், ஒன்றும் தெரியாது. அப்பா பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். "செத்துப்போச்சும்மா, என்னாலதான்" என்று அம்மா உள்ளேயிருந்து உரக்கச் சொன்னாள். அப்பாவுக்குக் கேட்டது. திரும்பவில்லை.

கூட்டம் குறைந்த பிறகு, நான் ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கடைக்குள் போய்க் குளிர்பெட்டியின் மூடியைத் தூக்கினாள். எதையும் எடுக்கவில்லை. திறந்தபடியே விட்டுவிட்டு வந்து, வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருந்த நிலைப்படியில் நின்றுகொண்டாள். அப்பாவுக்கு இதைவிட ஆகாத காரியம் கிடையாது. மூடி கொஞ்ச நேரம் திறந்திருந்தாலே, "உங்கப்பன் வீட்டுக் கரண்டா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார்.

பெட்டியிலிருந்து வெள்ளையாகக் குளிர் வழிந்து தரையில் இறங்கியது. மோட்டார் உறுமத் தொடங்கியது. அம்மா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்து நின்றாள்.

அப்பா கவனித்தார். எழுந்து போய் மூடியை மெதுவாக இறக்கி மூடிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.